கொரோனா பெருந்தொற்றின் முதல் வாரங்களில் தமிழ்நாட்டு மக்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள்?

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் மக்கள் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரடங்கு என்றதும் பேருந்து நிலையத்தில் முண்டியடித்தது, சந்தையில் குவிந்தது, நோயாளியின் வீட்டாரை ஒதுக்கியது, இறந்த மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தது ஆகியவற்றுக்கு அறியாமை காரணமா, ஒழுங்கின்மை காரணமா என்றும், அடுத்த முறை கடுமையான சட்டம் இருந்தால் இவை நடக்காதா என்றும் கேட்கிறீர்கள். பொதுச் சுகாதாரப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரங்களில் மக்கள் செய்தவற்றில் பெரும்பகுதி, அவர்களிடம் எது, எப்போது, எந்த வடிவத்தில் சொல்லப்பட்டது என்பதை ஏறக்குறைய அப்படியே பின்பற்றியது. கல்லெறிந்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் பேருந்துக்கு ஓடியவரையும் கல்லெறிந்தவரையும் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டையுமே புரிந்துகொள்ள முடியாமல் போய்விடும்.

இந்தியாவின் முதல் தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில், வூஹானிலிருந்து திரும்பிய மாணவி ஒருவரிடம் உறுதிசெய்யப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் தொற்று மார்ச் 7 அன்று, ஓமனிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரிடம் உறுதியானது. இடைப்பட்ட ஐந்து வாரங்களும் இந்த நோய் நமக்கு வெளிநாட்டுச் செய்தியாகவே இருந்தது. விமான நிலையத்தில் வெப்பமானி வைத்துச் சோதிக்கும் படங்கள் வந்தன. நோய் விமானத்தில் வருவது, ஆகவே விமானத்தில் ஏறாத நமக்கு வராது என்ற எண்ணம் அந்தப் படங்களிலிருந்தே பிறந்தது. அதன் பிறகு கைபேசியில் யாரை அழைத்தாலும் இருமல் சத்தத்தோடு ஓர் எச்சரிக்கை ஒலித்தது. தும்மும்போது வாயை மூடுங்கள், கையைக் கழுவுங்கள் என்று அது சொன்னதே தவிர, நம் தெருவில் ஒருவருக்கு வந்தால் என்ன ஆகும், அவர் எங்கே கொண்டுபோகப்படுவார், அவர் வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. மக்கள் மனத்தில் இருந்த கேள்விகளோ இவைதான்.

பதில் கிடைக்காத கேள்விக்கு வாட்ஸ்அப் பதில் தந்தது. கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தி பரவியதில், மார்ச் மாதத்தில் நாமக்கல் முட்டைகள் தேங்கி விலை சரிந்தது. கறிக்கோழி விலையும் வீழ்ந்து பண்ணையாளர்கள் பெரும் நட்டமடைந்தார்கள். இதை வெறும் மூடத்தனம் என்று தள்ளுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பறவைக் காய்ச்சல் என்ற பெயரில் கோழிகளைக் கொன்று புதைக்கும் காட்சியை இந்த நாடு 2006 முதல் பலமுறை பார்த்திருக்கிறது. புதிய நோய் வூஹானின் இறைச்சிச் சந்தையோடு தொடர்புடையது என்று எல்லாச் செய்திகளும் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்து ஒரு குடும்பத் தலைவி கோழியைத் தவிர்த்தது தவறான முடிவுதான். ஆயினும் தன்னிடம் இருந்த செய்திகளைக் கொண்டு யோசித்து எடுத்த முடிவு அது.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை நடந்த மக்கள் ஊரடங்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை வீட்டிலிருந்து, மாலை 5 மணிக்குக் கைதட்டி மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லுங்கள் என்பது வேண்டுகோள். கிருமி ஓரிடத்தில் பன்னிரண்டு மணி நேரமே உயிரோடிருக்கும், பதினான்கு மணி நேரம் யாரும் வெளியே வராவிட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்ற செய்தி அதற்குள் எல்லார் கைபேசிக்கும் வந்து சேர்ந்திருந்தது. இது பொய். ஆனால் ஏன் 14 மணி நேரம், ஏன் ஒரே ஒரு நாள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் மக்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. ஒரு நாளில் கிருமி அழியும் என்று நம்பியவர்களுக்கு ஐந்து மணிக் கைதட்டல் வெற்றி விழாவாகவே தோன்றியிருக்கும். நாட்டின் பல ஊர்களில் தட்டும் கரண்டியுமாகத் தெருவில் கூடி ஊர்வலம் போனவர்களின் மகிழ்ச்சியை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றியபோது அந்த மகிழ்ச்சி இல்லை. அன்று எங்கள் தெருவில் அகல் விளக்கு வைத்தவர்கள் பலர் கார்த்திகைத் தீபத்துக்கு வைப்பதுபோல் வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் ஊர் எவ்வளவு மாறிவிட்டது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இப்போது பேருந்து நிலையத்துக்கு வருகிறேன். மார்ச் 22 நள்ளிரவோடு நாடு முழுவதும் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு என்று மார்ச் 23 அன்று முதலமைச்சர் அறிவித்தார். ரயில் இல்லை, மறுநாள் மாலைக்குப் பிறகு பேருந்தும் இல்லை. சென்னையில் மேன்ஷன் அறையிலும் விடுதியிலும் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு வேலை பார்க்கும் ஓர் இளைஞரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மெஸ் மூடுகிறது, விடுதி காலி செய்யச் சொல்கிறது, அறையில் அடுப்பு கிடையாது, நிறுவனம் சம்பளம் தருமா என்று தெரியாது. அவர் கோயம்பேட்டுக்கு ஓடாமல் வேறு என்ன செய்ய முடியும்? கோயம்பேடு பேருந்து நிலையத்தில் பொங்கலுக்கு முந்தைய நாள்போல் கூட்டம் நெரிந்ததற்குப் பயணிகளின் ஒழுங்கின்மையைக் காரணம் காட்டியவர்கள், அந்தக் கூட்டத்துக்கு ஒரு கெடு நேரம் கொடுக்கப்பட்டிருந்ததை மறந்துவிட்டார்கள். மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் ஊரடங்கு என்றபோது கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம். அவர் பேசி முடிப்பதற்குள் மளிகைக் கடைகளின் முன்னால் மக்கள் நின்றிருந்தார்கள்.

இதே பாடம் ஒரு மாதம் கழித்து மீண்டும் நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை ஆகிய மாநகராட்சிகளிலும், 28 வரை சேலம், திருப்பூரிலும் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24 அன்று அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் வீடுகளில் நான்கு நாளுக்கான காய்கறியை வைத்துக்கொள்ளக் குளிர்பெட்டி கிடையாது. ஆனாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஏப்ரல் 25 அன்று கடைகளில் முட்டிய கூட்டத்தைத் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் காட்டின. அதை அடுத்துக் கோயம்பேடு காய்கறிச் சந்தையைச் சுற்றித் தொற்று பெருகியது தெரியவந்தது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அங்கே சுமை தூக்கியவர்களும் வியாபாரிகளும் ஊர் திரும்பிய பிறகு கடலூர், அரியலூர், விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென ஏறியது. சந்தையில் தொற்று பரவ அந்த ஒரு நாள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பெரும் மொத்தச் சந்தை அது. இரவு முழுவதும் லாரிகள் வந்து போகும் இடம். ஆனால் கூட்டத்தைத் தடுக்கப் போடப்பட்ட உத்தரவே அந்த ஆண்டின் மிக நெரிசலான நாட்களில் ஒன்றை உண்டாக்கியது என்பதை மறுக்க முடியாது.

இதற்கு நேர்மாறான காட்சியும் அதே ஏப்ரலில் இருந்தது. குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தபோது, சில இடங்களில் முதல் நாள் நெரிசல் ஏற்பட்டது உண்மை. நாளும் நேரமும் குறித்த டோக்கன் ஒழுங்காகக் கைக்கு வந்த இடங்களில், சுண்ணாம்பால் வரைந்த வட்டத்துக்குள் பையை வைத்துவிட்டுப் பெண்கள் நிழலில் காத்திருந்ததைப் பார்த்தேன். தம் பங்கு பறிபோகாது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் யாரும் முந்தவில்லை. இவர்கள் வேறு மக்கள் அல்லர். கோயம்பேட்டில் முண்டியடித்தவர்களின் தாய்மாரும் தங்கைமாருமே. ஒழுங்கின்மை மக்களின் இயல்பு என்றால் அது ரேஷன் கடை வாசலில் எங்கே போனது என்ற கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட ஒதுக்கல் இதைவிடச் சிக்கலானது. முதலில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீட்டு வாசலில், உள்ளே நுழையாதீர் என்று மாநகராட்சி அறிவிப்பு ஒட்டியது. அந்த வீட்டுக்குப் பால் போடுவது நின்றது, குப்பை எடுப்பது நின்றது, அடுக்குமாடிகளில் மின்தூக்கியைப் பயன்படுத்தக்கூடாது என்றார்கள். பிறகு நோய் கண்ட தெருக்களையும் வீடுகளையும் தகரம் அடித்து மறைத்தார்கள். காய்ச்சல் வந்தவர்கள் அதை மறைத்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு வீட்டுக்குள் இருந்ததற்குக் கிருமியின் மீதான பயத்தைவிட இந்தத் தகரத்தின் மீதான பயமே பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நோயாளியைத் தனியே வைப்பது தமிழருக்குப் புதிதல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். அம்மை போட்ட வீட்டில் என் பாட்டி வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார். அதைப் பார்த்தவுடன் அக்கம்பக்கத்தார் உள்ளே வரமாட்டார்கள். அந்த வீட்டாரும் பிறர் வீட்டுக்குப் போகமாட்டார்கள். தாளிதம் கிடையாது, விசேஷத்துக்குப் போவது கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எல்லாம் வழக்கத்துக்குத் திரும்பும். இது தனிமைப்படுத்தல் அல்லாமல் வேறென்ன? ஆனால் அந்த வேப்பிலையை வீட்டார் தாமே செருகினார்கள். அது அந்த வீட்டுக்கு அம்மன் வந்திருக்கிறாள் என்று சொன்னதே தவிர, அந்த வீட்டார் ஆபத்தானவர்கள் என்று சொல்லவில்லை. கொரோனாவின் முதல் வாரங்களில் தெருத்தெருவாக வேப்பிலைத் தோரணம் கட்டி மஞ்சள் நீர் தெளித்தவர்களை நம் படித்தவர்கள் பரிகசித்தார்கள். மஞ்சள் நீர் அந்தக் கிருமியைத் தடுக்காது என்பது சரி. ஆனால் வேப்பிலை கட்டிய வாசலுக்குள் வெளியாள் வரக்கூடாது என்ற அந்த மரபின் பொருளைச் சுகாதாரத் துறை பற்றிக்கொண்டிருந்தால், ஒட்டிய அறிவிப்பும் தகரமும் செய்ததைவிட நல்ல வேலை நடந்திருக்கும். வாசலில் ஒட்டிய அறிவிப்பால் நோயாளிகள் தீண்டத்தகாதவர்கள்போல் நடத்தப்படுகிறார்கள் என்று கவலை தெரிவித்த உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் குறிப்பான உத்தரவு இருந்தாலன்றி அப்படி ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில்தான் சொன்னது.

பம்பாயில் 1896இல் பிளேக் என்ற கொள்ளைநோய் வந்தபோதும் இதே தவறு நடந்தது. வீடு வீடாகப் புகுந்து சோதித்து, மனிதர் வாழத் தகுதியற்றது என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சுவரில் பூசினார்கள். நோயாளிகளை இழுத்துப்போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மக்கள் நோயாளியை ஒளித்தார்கள், பல லட்சம் பேர் நகரத்தைவிட்டே ஓடினார்கள், அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். அதன் விளைவாக 1897 பிப்ரவரியில் பிறந்ததுதான் தொற்றுநோய்ச் சட்டம். 2020இல் நாம் கையில் எடுத்ததும் அதே சட்டத்தைத்தான்.

மார்ச் 31 அன்று நிகழ்ந்த மாற்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த நாளின் காயம் இன்னும் ஆறவில்லை. தில்லி நிஜாமுதீனில் நடந்த முஸ்லிம் சமய மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவர்களின் சோதனை முடிவுகள் வரத் தொடங்கிய அந்த நாளில் மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை 124, மறுநாள் 234, ஏப்ரல் 3 அன்று 411. மாலைதோறும் சுகாதாரச் செயலர் பீலா ராஜேஷ் தரும் புள்ளிவிவரத்தைக் கேட்கத் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த காலம் அது. அன்றைய எண்ணிக்கையில் மாநாட்டோடு தொடர்புடையவர்கள் எத்தனை பேர் என்று தினமும் பிரித்துச் சொல்லப்பட்டது. நோய்த் தொடர்பைத் தேடுகிற மருத்துவருக்கு அந்தப் பிரிப்பு தேவை. கேட்டுக்கொண்டிருந்த தெருவுக்கு அது ஒரு சமூகத்தின் மீது சுட்டுகிற விரலாக மாறியது. மாநாட்டுக்குப் போனவர்களைத்தான் அந்த நாட்களில் அதிகமாகத் தேடிச் சோதித்தார்கள், தேடிய இடத்தில் எண்ணிக்கை கூடுவது இயல்பு என்ற எளிய விளக்கம் அந்த எண்ணோடு சேர்த்துச் சொல்லப்படவில்லை. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு வாங்க மறுத்தார்கள். வாடகை வீடு தர மறுத்தார்கள். நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று முதலமைச்சரே வேண்டிக்கொண்டார், செய்திக் கூட்டத்திலும் சொற்கள் மாறின. ஆனால் முதல் நான்கு நாட்களில் விழுந்த சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. இங்கே மக்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. வெறுப்பு ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் எண் அப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது.

மருத்துவரின் உடலுக்கு நேர்ந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். ஏப்ரல் 19 இரவு சென்னையில் நோயால் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரின் உடலை ஓர் இடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பகுதியினர் எதிர்த்தார்கள். வேறோர் இடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது கட்டையும் கல்லுமாகத் தாக்கினார்கள். ஆம்புலன்ஸ் உடைந்தது, ஊழியர்கள் காயமடைந்தார்கள், குடும்பத்தினர் உடலை விட்டுவிட்டு ஓட நேர்ந்தது. அவருடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர் இருவரோடும் காவலர்களோடும் நள்ளிரவில் திரும்பிப் போய், மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு ஆந்திரத்து மருத்துவர் ஒருவரின் உடலுக்கும் சென்னையில் இதேபோல் எதிர்ப்பு வந்திருந்தது என்பதால், இது எதிர்பாராத சம்பவம் என்று யாரும் சொல்ல முடியாது.

முறையாகப் பொதிந்து புதைக்கப்பட்ட உடலிலிருந்து நோய் பரவாது என்று சுகாதாரத் துறை சொல்லியிருந்தது. ஆனால் மக்கள் பார்த்தது என்ன? தலை முதல் கால் வரை மூடிய உடையில் நால்வர், பிளாஸ்டிக்கில் சுற்றிய உடல், வழக்கத்தைவிட ஆழமாகப் பொக்லைன் தோண்டிய குழி, சுற்றிலும் கொட்டிய பிளீச்சிங் தூள். வாய் ஆபத்தில்லை என்றது. கண்ணெதிரே நடந்தது பேராபத்து என்றது. இரண்டில் எதை நம்புவது என்று வரும்போது மனிதர் கண்ணையே நம்புவர். இதற்கு எதிர்ப்புறமான உதாரணமும் உண்டு: ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், கையை உயர்த்தியபடி அதற்குள் நடந்து வந்தவர்கள் தூய்மையாகிவிட்டதாக நிம்மதி அடைந்தார்கள். பல ஊர்கள் அதைப் பின்பற்றிய பிறகு, அதனால் பயனில்லை, தீங்கு உண்டு என்று பொதுச் சுகாதாரத் துறையே நிறுத்தச் சொன்னது. முகக்கவசத்திலும் இப்படித்தான்: நோயற்றவருக்குத் தேவையில்லை என்று மார்ச்சில் சொல்லி, ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டில் தைத்தாவது அணியுங்கள் என்று சொல்லி, ஏப்ரல் மத்தியில் சென்னையில் கட்டாயமாக்கினார்கள். அறிவியல் வளரும்போது அறிவுரை மாறத்தான் செய்யும். ஏன் மாறியது என்று சொல்லாமல் மாற்றினால், அடுத்து வருகிற உண்மையான அறிவுரையையும் யாரும் நம்பமாட்டார்கள். உடலிலிருந்து நோய் பரவாது என்ற அறிவுரைக்கு அந்தக் கதியே நேர்ந்தது.

அரசே இந்த அச்சத்துக்கு ஆட்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. தொற்றால் இறந்தவரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரலில் அங்கே எரிப்பு கட்டாயமாக்கப்பட்டு, முஸ்லிம்கள் தம் மரபுக்கு மாறாகத் தம்மவர்களின் உடல்களை எரியவிட வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரியில்தான் அது நீக்கப்பட்டது.

சட்டம் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு நடந்ததே பதில். மருத்துவர் இறந்த மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கண்ணியமான அடக்கம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. ஏப்ரல் 22 அன்று 1897ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவப் பணியாளரைத் தாக்கிப் படுகாயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை என்றானது. அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கத் தமிழ்நாடும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இவை தேவையானவை; கல்லெறிந்தவர் தண்டிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆண்டின் பிற்பகுதியில் இடுகாடுகளில் எதிர்ப்பு அடங்கியதற்குச் சட்டத்தோடு வேறொன்றும் காரணம். உறவினரே தொட அஞ்சிய உடல்களை, எந்த மதத்தவராயினும், அவரவர் முறைப்படி அடக்கம் செய்யத் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் போன்ற அமைப்புகளின் இளைஞர்கள் பலர். ஏப்ரல் முதல் வாரத்தில் எந்தச் சமூகத்தவரிடம் காய்கறி வாங்க மறுத்தார்களோ, அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் உடலைச் சுமந்து போனதையும், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவர்களே நலமாகத் திரும்பி வந்ததையும் இடுகாட்டுப் பக்கத்துத் தெருக்காரர்கள் தம் கண்ணால் பார்த்தார்கள்.